ஒன்பதாவது பேட்ச் ஏன் நாறவில்லை

1. தீயில்லாத தீயணைப்பு

2005 பிப்ரவரி, மூன்றாவது செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்றே காலுக்குக் கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் எங்கள் கிடங்கு வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. தீ எதுவும் இல்லை. கேஸ் கசிகிறது என்று தெருக்காரர்கள் போன் செய்திருந்தார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. சமையல் கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று கொஞ்சம் மெர்காப்டன் கலந்து அனுப்புகிறார்கள். எங்கள் டாங்கில் இருந்தது அதற்குப் பெரியப்பா பிள்ளை முறை, பெயர் மெர்காப்டோ எத்தனால். அழுகிய முட்டையை ரப்பர் செருப்போடு சேர்த்து வேகவைத்தால் என்ன வருமோ அது.

வண்டியில் வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "எவிடெயா லீக்கு?"

"லீக் இல்ல சார். இதுதான் எங்க வேலை."

"நாத்தம் பிடிக்கிறதா வேலை?"

எதிர் டீக்கடைக்காரர் கோயாக்கா (இங்கே 'இக்கா' என்றால் அண்ணன்) சாயா ஆற்றிக்கொண்டே பதில் சொன்னார். "ஆமா சாரே. அதுக்குத்தான் இவரு பிஎஸ்ஸி படிச்சது. நான் சாயாவுல ஏலக்காய் போட்டாலும் மணக்கிறது இவரோட டாங்குதான்."

வண்டி போன பிறகு நோட்டில் எழுதினேன்: "பேட்ச் ஆறு. வாடை கடுமை. தீயணைப்பு வருகை, இருபது நிமிடம். தண்ணீர் அடிக்கவில்லை."

எனக்குத் தேதியும் நேரமும் எழுதிவைக்கும் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்ல முடிகிறது. அதே பழக்கத்தால்தான் மாட்டிக்கொள்ளவும் செய்தேன்.

2. மோதிரம்

முதலில் இந்த டாங்க் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

களமசேரியில் ஒரு தொழிற்சாலையின் லேபில் பன்னிரண்டு வருடம் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்தேன். 2003இல் அதை மூடினார்கள். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. நகராட்சியில் துப்புரவு மேஸ்திரியாக இருந்து ரிட்டையரான அப்பா தினமும் காலையில் ஒரு தடவை, "அன்னிக்கே முனிசிபாலிட்டில சேர்ந்திருந்தா" என்று ஆரம்பிப்பார். வாக்கியத்தை முடிக்கமாட்டார். முடிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

மறுவருடம் நவம்பரில் ஜெயந்திலால் சேட்டு கூப்பிட்டனுப்பினார். குஜராத்திக் குடும்பம், மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம். மிளகு விலை விழுந்துகொண்டிருந்ததால் கிடங்கில் பாதியைக் காலி செய்து, அங்கே ரப்பர் பாலில் புதிதாக ஒன்று செய்யப் போவதாகச் சொன்னார். யோசனை அவருடையது அல்ல. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆனி டீச்சருடையது.

முதல் நாள் டீச்சர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "விரல்ல என்ன?"

"செம்பு மோதிரம் டீச்சர். ஜோசியர் போடச் சொன்னார்."

"வேலை கிடைக்கவா?"

"ஆமா."

"கிடைச்சாச்சில்லே, கழட்டு."

கழற்றினேன். பிறகு ஆபரேட்டர் சேவியர் சேட்டனின் முறை. ஐம்பது வயது, படகு என்ஜினில் பழகிய கை. கழுத்தில் பித்தளைச் சிலுவை. டீச்சரும் சர்ச்சுக்குப் போகிறவர்தான். ஆனாலும், "கர்த்தர் வாசல்ல ஆணியில இருக்கட்டும். உள்ளே நான் பார்த்துக்கிறேன்" என்று சிலுவையை வெளியே மாட்டவைத்தார். பித்தளை வால்வு, பித்தளைக் குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஸ்டீலும் பிளாஸ்டிக்கும் போடவைத்தார். சேட்டுஜியை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. அவர் முதலாளி.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று டீச்சர் அன்றைக்கே விளக்கினார். மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"ரப்பர் மூலக்கூறு ஒரு நீளமான பஸ்னு வச்சுக்கோ. உள்ளே வரிசையா காலிக் கைப்பிடி. அந்தக் கைப்பிடிதான் இரட்டைப் பிணைப்பு. நாம ஏத்துற பயணி மெர்காப்டோ எத்தனால். அதோட ஒரு கை கந்தகம். அது கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கும். இன்னொரு கை தண்ணியோடும் நாரோடும் சிநேகமா இருக்கும். ஏறினவன் இறங்கமாட்டான். வேண்டாத கழிவா எதுவும் வெளியே விழாது. சூடாக்க வேண்டாம். தண்ணியிலேயே ஆறு மணி நேரத்துல நடக்கும். தொடங்கிவைக்க ஒரு பெராக்சைடும் ஒரு அமீனும் போதும்."

"மத்தவங்க இரும்பு உப்பு போடறாங்களே டீச்சர்? சீக்கிரம் முடியுமாமே."

"முடியும். அப்புறம் அந்த இரும்பை யார் வெளியே எடுக்கிறது? உலோகம் உள்ளே தங்கினா ரப்பர் சீக்கிரம் கெடும். அதுல செம்புதான் பெரிய வில்லன். ஒரு கிலோ ரப்பருக்குச் சில மில்லிகிராம் போதும். வெல்லப்பாகு மாதிரி ஆயிடும். நம்ம சரக்கோட பெருமையே உலோகம் இல்லாம செய்யறதுதான். அது போனா மிச்சம் இருக்கிறது நாத்தம் மட்டும்தான்."

இப்படி மாற்றிய ரப்பர் பால் தேங்காய் நாரை நன்றாகப் பிடிக்கும். ஆலப்புழையில் ஒரு மிதியடி ஏற்றுமதிக்காரர், வாசலில் போடும் கயிற்று மிதியடியின் அடிப்பக்கத்தில் பூச அதை வாங்க ஒப்புக்கொண்டார். 2005 ஜனவரியில் முதல் பேட்ச் போட்டோம். டாங்க் இருநூறு லிட்டர், வாரம் ஒரு பேட்ச்.

பிப்ரவரிக் கடைசியில் மகளுடைய பிரசவத்துக்காக டீச்சர் மஸ்கட் போனார். போகும் முன் சொன்னது: "வாடைதான் உன் மீட்டர். முதல்ல கடுமையா இருக்கும். ஆறு மணி நேரத்துல கொஞ்சங் கொஞ்சமா இறங்கும். அதுல எந்த மாத்தம் வந்தாலும் என்னைக் கூப்பிடு. எந்த மாத்தமும்."

3. லட்டு வாங்கப் போன நேரம்

தீயணைப்பு விவகாரத்துக்குப் பிறகு தெருவில் மனு தயாரானது. முதல் கையெழுத்து கோயாக்காவுடையது. கிடங்கில் மிளகின் மணத்தையும் கெடுக்கிறோம் என்று சேட்டுஜியின் சொந்த அண்ணன்கூட அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"தப்பு எங்கேன்னு எனக்குத் தெரியும்" என்றார் சேட்டுஜி. பஜாரின் தமிழ்ச் சுமைதூக்கிகளிடம் சின்ன வயதில் கற்ற தமிழ் அவருடையது. "நாம பூஜை போடாம ஸ்டார்ட் பண்ணோம். சாமிக்குச் சொல்லாத பிசினஸ் நாறாம என்ன செய்யும்?"

மார்ச் முதல் திங்கட்கிழமை பூஜை நடந்தது. அன்றைய குறிப்பு ஒரு முழுப் பக்கம். வந்தவர்கள் யார், மாலை எத்தனை முழம், தேங்காய் எப்படி உடைந்தது என்பதுவரை இருக்கிறது. ஒரே ஒரு இடைவெளி: "பத்து இருபது முதல் பத்து நாற்பது வரை லட்டு வாங்கச் சென்றிருந்தேன்."

மறுநாள் ஒன்பதாவது பேட்ச். காலையில் மெர்காப்டன் ஊற்றும்போது வழக்கம்போல் கண் எரிந்தது. ஒரு மணி நேரத்தில் வாடை பாதியாகக் குறைந்தது. மதியத்துக்குள் டாங்க் மூடியைத் திறந்து மூக்கை வைத்தால் ரப்பர் பாலின் அமோனியா வாடை மட்டும்தான் இருந்தது.

கோயாக்கா கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "மணியே, இன்னிக்கு லீவா?"

"இல்ல இக்கா. ஓடுது."

"ஓடுதா? அப்போ அந்த செத்த எலி எங்கே போச்சு?"

சேட்டுஜி டாங்கைக் கும்பிட்டார். சேவியர் சேட்டனும் கும்பிட்டார். அது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது, அதையும் குறித்துவைத்தேன். பிறகு, வாடைக்கு என்று நான் கோடு போட்டிருந்த கட்டத்தில் எழுதினேன்: "வாடை இல்லை. நன்று."

மஸ்கட்டுக்குப் போன் செய்யவில்லை. பேறுகால வீட்டுக்கு நல்ல செய்தியை அவசரமாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். மனு வாபஸ் ஆனது. கோயாக்கா சாயா இலவசமாகவே கொடுத்தார். ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஜூன் தொடக்கம்வரை பதின்மூன்று பேட்ச் ஓடின. ஒவ்வொன்றுக்கும் எதிரே, "வாடை இல்லை. நன்று." கையால் இழுத்துப் பார்க்கும் சோதனையில் எல்லாம் தேறின. ரப்பரில் பயணி ஏறினானா இல்லையா என்பதைக் காட்டும் கருவி களமசேரி பல்கலைக்கழகத்தில் ஒன்று இருந்தது. அது அந்த மாதங்களில் பழுது.

4. பிரியாத மிதியடிகள்

ஜூன் மூன்றாவது வாரம், நல்ல மழை. ஆலப்புழையிலிருந்து போன் வந்தது. அடுத்த பஸ் பிடித்துப் போனேன்.

ஏற்றுமதிக்காரரின் கிடங்கில் மிதியடிகள் ஐம்பது ஐம்பதாக அடுக்கியிருந்தன. மேலே இருந்த ஒன்றைத் தூக்கினேன். கூடவே நாலு வந்தன. அடிப்பக்கத்து ரப்பர் கறுத்து, இளகி, விரலில் பலாப்பிசினாகப் பிடித்துக்கொண்டது.

ஏற்றுமதிக்காரர் பொறுமையாகத்தான் பேசினார். "மிதியடி கேட்டா நீங்க மெத்தை செஞ்சு தந்திருக்கீங்க. இன்னும் ஒரே ஒரு பேட்ச் வாங்கிக்கிறேன். ரெண்டு மாசம் இங்கேயே அடுக்கி வைப்பேன். ஒட்டுச்சுன்னா நம்ம சம்பந்தம் முடிஞ்சுது."

மட்டாஞ்சேரிக்குத் திரும்பினால் சேட்டுஜியின் மேஜையில் ஒரு ஏஜென்ட்டின் விசிட்டிங் கார்டு. இரும்பு உப்பு வைத்து இரண்டே மணி நேரத்தில் முடிக்கும் முறை, கூடவே அதற்கு ஒரு கெமிஸ்ட்.

"மணி, டாங்க் நல்லது. பூஜை நல்லது. மிச்சம் யாரு?"

நான் விரலில் ஒட்டியிருந்த ரப்பரை உரித்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர் ஜூலை ஃபர்ஸ்ட் வீக் வர்றாங்க. காரணம் கண்டுபிடிச்சா கடைசி பேட்ச் உங்களோடது. இல்லேன்னா டாங்க் அந்த ஏஜென்ட்டுக்கு. நீங்களும் சேவியரும் வேற எடம் பாருங்க."

வீட்டில் அப்பா, "அன்னிக்கே முனிசிபாலிட்டில" என்று தொடங்கினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த வாக்கியத்தை நான் மனதுக்குள் முடித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி என்றுதான் தோன்றியது.

5. மார்க் போட்டது யார்

டீச்சர் விமானநிலையத்திலிருந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நேராகக் கிடங்குக்கு வந்தார். அன்றைக்கு ஒரு சோதனை பேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"போட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு மணி நேரம் டீச்சர்."

"ஒரு வாடையும் இல்லியே. நோட்டை எடு."

நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்பதாவது பேட்சில் விரல் நின்றது.

"இந்த 'நன்று' யாரோட கையெழுத்து?"

"என்னோடது."

"உன்னை மோந்து பார்க்கச் சொன்னேன். மார்க் போடச் சொன்னேனா?"

சேவியர் சேட்டன் பம்பைத் துடைக்க ஆரம்பித்தார். பம்ப் சுத்தமாகத்தான் இருந்தது.

"எடோ மணி, மெர்காப்டன் ரப்பர்ல ஏறினா வாடை ஆறு மணி நேரத்துல குறையும். ரெண்டு மணி நேரத்துல ஓடிப்போச்சுன்னா ரப்பர்ல ஏறலை. ரெண்டு ரெண்டா தங்களுக்குள்ளேயே கை கோத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. டைசல்பைட். அதுக்கு வாடையும் இல்லை, வேலையும் இல்லை. காத்து பட்டா இது மெதுவா நடக்கும். இவ்வளவு வேகமா நடத்தறதுக்கு ஒரு தரகர் வேணும். அந்தத் தரகர்தான் ரப்பரையும் தின்னிருக்கான்." நோட்டை மூடினார். "செம்பு. இந்த டாங்குல எங்கேயோ செம்பு இருக்கு."

இரண்டு நாள் தேடினேன். வால்வு, குழாய், வாளி, கரண்டி, மோட்டார் வயர் எல்லாவற்றையும் காந்தம் வைத்தும் அரம் வைத்தும் பார்த்தேன். அமோனியா வந்த பீப்பாயைச் சந்தேகப்பட்டேன். குளிக்கும்போது என் விரலையே சந்தேகப்பட்டேன். டாங்குக்குள் சோதனை பேட்ச் நிறைந்திருந்ததால் வெளியே மட்டும்தான் தேட முடிந்தது. எதுவும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தேடுவதை விட்டுவிட்டு நோட்டைப் படித்தேன். எட்டாவது பேட்சில் வாடை கடுமை. ஒன்பதில் இல்லை. நடுவில் வழக்கத்துக்கு மாறாக நடந்தது பூஜை ஒன்றுதான், அந்த நாளில் எனக்குத் தெரியாதது இருபது நிமிடம் மட்டும்.

"சேவியர் சேட்டா, பூஜை அன்னிக்கு நான் லட்டு வாங்கப் போனப்போ இங்கே என்ன நடந்தது?"

அவர் பனியனால் முகத்தைத் துடைத்தார். "சாரே, சொன்னா அதோட ஐஸ்வர்யம் போயிடும்னு சேட்டு சத்தியம் வாங்கிருக்காரு."

"இன்னும் போறதுக்கு என்ன இருக்கு?"

அவர் எழுந்து மெயின் ஸ்விட்சை அணைத்தார். டாங்கைக் காலி செய்து உள்ளே குனிந்து, கலக்கியின் அடியிலிருந்து நைலான் கயிற்றில் கட்டிய ஒன்றை அவிழ்த்து என் கையில் வைத்தார். விக்டோரியா ராணி தலை போட்ட பழைய காலணா. செம்பு.

சேட்டு குடும்பத்தில் அது ஒரு வழக்கம். மிளகுப் பருவம் தொடங்கும்போது முதல் மூட்டையில் ஒரு செம்புக் காசைப் போட்டுத் தைப்பார்கள். அந்த மூட்டையை மட்டும் விற்கமாட்டார்கள். டாங்கில் மூட்டை கிடையாது என்பதால் கலக்கியில் கட்டச் சொல்லியிருக்கிறார்.

"இத்தனை பேட்ச் ஓடியிருக்கே, ரப்பர் படிஞ்சு மூடியிருக்கணுமே" என்றேன்.

சேவியர் சேட்டன் குரல் இறங்கிவிட்டது. "சாமி காசாச்சே சாரே. அழுக்கா விடலாமா? டாங்கை நான் கழுவுற ஒவ்வொரு தடவையும் புளி போட்டுத் தேச்சு மினுமினுன்னு வச்சிருந்தேன்."

டீச்சர் இதைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிக்க நேரமானது. "நானே திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு நல்லா கெடுத்திருக்கமாட்டேன். வாரா வாரம் புது செம்பு, பளபளன்னு, நடுவுல சுத்திக்கிட்டு."

6. ராணியின் மூக்கு

சேட்டுஜியிடம் யார் சொல்வது என்பதில் சிக்கல். சேவியர் சேட்டன் சத்தியத்தை மீறியவர். நான் வேலை போகும் நிலையில் இருப்பவன். டீச்சர், "எனக்குச் சம்பளம் கிடையாது, அதனால நான் சொல்றேன்" என்று காசை மேஜைமேல் வைத்தார்.

சேட்டுஜி அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ராணிக்கு மூக்கு இல்லை. கொண்டை பாதி இல்லை. எழுத்து எதுவும் இல்லை.

"அரே, இது எங்க தாத்தா காசு. முகம் எங்கே போச்சு?"

"ஆலப்புழைக்கு" என்றார் டீச்சர். "கொஞ்சங் கொஞ்சமா. மிதியடி அடியில இருக்கு."

அவர் காசை உள்ளங்கையில் எடைபோட்டார். வியாபாரி மூளை. "ஆனா டீச்சர், வாடை போச்சுல்ல? அது காசோட வேலைதானே?"

"காசோட வேலைதான். நாத்தத்தையும் எடுத்துச்சு, சரக்கையும் எடுத்துச்சு. ரெண்டும் ஒண்ணு சேட்டுஜி. நாறுற வரைக்கும்தான் அது வேலை செய்யும்."

"அப்போ பூஜை தப்பா?"

"பூஜை வாசல்ல தப்பில்லை. என் டாங்குக்குள்ளே நான் என் கர்த்தரையே விடலை. உங்க ராணியை விடுவேனா?"

சேட்டுஜி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டேன். அவர் ஏஜென்ட்டின் கார்டை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார், கிழிக்கவில்லை. "ரெண்டு மாசம் பார்ப்போம்" என்றார்.

அந்தக் காசு அடுத்த பருவத்தில் ஒரு மிளகு மூட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. மிளகுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

7. நாறுதா

டாங்கை மூன்று தடவை கழுவி ஜூலை நடுவில் கடைசி பேட்சைப் போட்டோம். இந்த முறை மூடியிலிருந்து ஒரு குழாயை எடுத்து, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த பீப்பாய்க்குள் விட்டோம். வெளியே போகும் வாடையை அது பெரும்பாலும் தின்றுவிடும். டீச்சர் இதை ஜனவரியிலேயே சொல்லியிருந்தார். செலவு என்று தள்ளிப்போட்டு வந்தோம், பிறகு செம்புக் காசு வந்து காரியத்தைக் கெடுத்தது.

பீப்பாயையும் மீறி மிச்ச வாடை தெருவுக்கு வந்தது. கோயாக்கா டம்ளரை வைத்துவிட்டு நேராக வந்தார்.

"மணியே, செத்த எலி திரும்பி வந்துடுச்சே."

"வந்தாத்தான் இக்கா எங்களுக்குச் சோறு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சேவியர் சேட்டனைப் பார்த்தார். "எத்தனை மணி வரைக்கும்?"

"மூணு மணி."

"செவ்வாய்க்கிழமை மட்டும்தானே? நான் கடையை மூணு மணிக்குத் திறக்கறேன், போ." போகும்போது திரும்பி, "ஆனா இலவச சாயா கட்" என்றார்.

ஆறு மணி நேரத்தில், டீச்சர் சொன்னபடியே, வாடை படிப்படியாக இறங்கியது. சரக்கு ஆலப்புழைக்குப் போனது. பூசி, அடுக்கி, மழை நாட்கள் முழுவதும் அங்கேயே வைத்திருந்தார்கள். செப்டம்பர் இரண்டாவது புதன்கிழமை நானும் சேட்டுஜியும் போனோம். ஏற்றுமதிக்காரர் அடுக்கின் நடுவில் கைவிட்டு ஒரு மிதியடியை உருவினார். ஒன்றே ஒன்றுதான் வந்தது. அடியைப் புரட்டி நகத்தால் நாரிலிருந்து ரப்பரைப் பிய்க்கப் பார்த்தார். நார்தான் அறுந்தது.

பஸ்ஸில் திரும்பினோம். தோப்பும்படி ஸ்டாப்பில் இறங்கும்போது சேட்டுஜி, "அடுத்த பேட்ச் எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் நான் அங்கே நாலு வருடம் இருந்தேன். ஒவ்வொரு செவ்வாயும் மிளகுப் பக்கத்திலிருந்து அவர் குரல் வரும்.

"மணி, நாறுதா?"

"நாறுது சேட்டுஜி."

"சரி, நடக்கட்டும்."

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மூக்கு பார்த்ததை எழுதுங்கள். நேரத்தோடு எழுதுங்கள். அதற்கு நீங்கள் சந்தோஷப்பட்டீர்களா என்பதை அந்தக் கட்டத்தில் எழுதாதீர்கள். நான் 'நன்று' என்று எழுதாமல் விட்டிருந்தால், "வாடை இல்லை" என்ற இரண்டு வார்த்தையும் அப்படியே நின்று, ஏன் இல்லை என்று என்னைக் கேட்டிருக்கும். மூன்றாவது வார்த்தை அதன் வாயை அடைத்துவிட்டது.

அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. பதின்மூன்று 'நன்று'களையும் டீச்சர் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். கடைசி பேட்சின் கட்டத்தில் என் கையெழுத்தில் இருப்பது: "வாடை கடுமை. பிற்பகல் மூன்றுக்குள் இறங்கியது." அதற்குப் பக்கத்தில் டீச்சர் அதே சிவப்பு மையால் ஒரு சின்ன டிக் போட்டிருக்கிறார்.